கோமதித்தாய்க்கு ஒன்பது கேள்வி

பொறாமைக்காரி என்று ஒருத்தியைச் சொன்னால் கேட்கிறவர்கள் உடனே ஒரு முகத்தை நினைத்துக்கொள்வார்கள். கோணின வாய், இடுங்கின கண், எந்நேரமும் முணுமுணுப்பு. கோமதித்தாய் அப்படியில்லை. நல்ல களையான முகம். ஐம்பத்திரண்டு வயதாகியும் நிமிர்ந்த நடை. வீட்டுக்கு யார் போனாலும் முதலில் தண்ணீர் கொடுப்பாள், பிறகுதான் எந்த ஊர் என்று கேட்பாள். தன் ஓரகத்தி முப்பிடாதியம்மாளைப் பற்றி வயிறெரிந்து பேசும்போதுகூடச் சிரித்துக்கொண்டேதான் பேசுவாள். அந்தச் சிரிப்பை நம்பித்தான் நானும் முதல் நாள் அவள் போட்ட டீயை இரண்டு டம்ளர் குடித்தேன்.

என் பெயர் ஜுவைரியா. சங்கரன்கோவில்தான் சொந்த ஊர். சமூகப் பணி படித்துவிட்டு, சமூகத் தாக்க மதிப்பீடு செய்கிற ஒரு கம்பெனியில் பதினோரு வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறேன். ஓர் ஊர் வழியாக ரோடு வருகிறது, வாய்க்கால் வருகிறது என்றால், அதனால் யார் வீடு போகும், யார் நிலம் போகும், யார் பிழைப்பு கெடும் என்று முன்கூட்டியே கேட்டு எழுதுகிற வேலை. ஊர்க்காரர்களுக்கு நான் சர்வே பிள்ளை. எனக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த வெங்கடேஷ் இப்போது எனக்குச் சூப்பர்வைசர். அவன் காரில் வருகிறான், நான் பஸ்ஸில் வருகிறேன். அவன் காரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கோமதித்தாயைப் பற்றிப் பேச ஒரு தகுதி வேண்டுமென்றால் அது எனக்கு இருக்கிறது.

ஊர், பனவடலிசத்திரத்திலிருந்து உள்ளே போகிற ஒரு சின்ன ஊர். அதன் கிழக்கு ஓரத்தில் ஒரு புதுச் சாலை வருவதாக இருந்தது. அந்த ஓரத்தில் அடுத்தடுத்து இரண்டே வீடுகள். கிழக்கே முப்பிடாதியம்மாள் வீடு, அதைச் சுற்றி அவளுடைய மானாவாரி நிலம். மேற்கே கோமதித்தாய் வீடு, அதைச் சுற்றி அவளுடைய தோட்டம், நடுவில் கிணறு. சாலைக்காக நட்ட மஞ்சள் கற்கள் முப்பிடாதியம்மாள் வீட்டையும் நிலத்தையும் முழுசாக வளைத்துக்கொண்டு, கோமதித்தாயின் வேலிக்கு நாலடி முன்னால் நின்றுவிட்டன.

அந்த நாலடியில்தான் எல்லாம் ஆரம்பித்தது என்று நான் முதலில் நினைத்தேன். இல்லை. அது இருபத்தேழு வருஷத்துக் கதை.

அந்தப் பக்கத்தில் விவசாயம் பார்க்கிற சம்சாரி வீடுகளில் பாகம் பிரிப்பதற்கு ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் பிரிக்க வேண்டும், தம்பி முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவனுக்கு மிச்சம்தான் கிடைக்கும் என்பதால் அவன் ஓரவஞ்சனை செய்யமாட்டான். மாமனார் காரியம் முடிந்த மறுவாரம், முப்பிடாதியம்மாளின் புருஷன் ஆறுமுகச்சாமி ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் நிலத்தின் நடுவே வடக்கிருந்து தெற்காகக் கோடு கிழித்தார். மேற்குப் பாதி சிறிது, ஆனால் கிணறு அதில். கிழக்குப் பாதி பெரிது, ஆனால் மழையை நம்பிய மண். எடுத்துக்கோ என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். தம்பி பிச்சையா ஆடு மேய்க்கிறவர், நல்ல மனுஷர், தானாக எதையும் முடிவு செய்து பழக்கமில்லாதவர். பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தைந்து வயதுக் கோமதித்தாய் ஒரு நொடிகூட யோசிக்காமல் மேற்குப் பக்கம் என்றாள். முப்பிடாதியம்மாள் இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள். ஒன்றும் பேசவில்லை. தாளில் யாரும் எதுவும் எழுதவில்லை. பட்டா செத்துப்போன மாமனார் பேரிலேயே கிடந்தது, இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறது. வாய்ச்சொல்லில் பிரிந்தது, வாய்ச்சொல்லிலேயே நின்றது.

தானே எடுத்த பங்கு அல்லவா, நிம்மதியாக இருந்திருக்கலாம். கோமதித்தாய்க்கு அது முடியவில்லை. எடுத்த மறுநாளிலிருந்து எடுக்காததைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அவள் தோட்டத்தில் கேந்திப்பூ பூத்துக் குலுங்கிய வருஷம், கிழக்கே உளுந்து அதைவிட நன்றாக விளைந்தது என்று சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். முப்பிடாதியம்மாளின் மாடு கிடாரிக்கன்று போட்டால் இவளுக்குத் தலைவலி. முப்பிடாதியம்மாளின் மகள் அனு படித்துத் தென்காசியில் ஆபீஸ் வேலைக்குப் போனபோது, இவள் தன் மகன் செல்வக்குமாரை ராஜபாளையம் மில் வேலையை விட்டுவிட்டு மறுபடி படிக்கச் சொல்லி ஒரு மாதம் பாடாய்ப் படுத்தினாள். அவனுக்கு அப்போது கல்யாணமாகிக் குழந்தை இருந்தது. சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். அங்கே கூட்டத்தில் நிற்கும்போது, அக்கா என்ன வேண்டிக்கொள்கிறாளோ அதையே எனக்கும் கொடு, கூட ஒன்று கொடு என்று கேட்பதாக என்னிடம் அவளே சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஆறுமுகச்சாமி இறந்துபோனார். கோமதித்தாய் நெஞ்சிலடித்துக்கொண்டு அழுதாள், மூன்று நாள் அந்த வீட்டுக்குச் சோறு பொங்கிக் கொண்டுபோனாள். அதெல்லாம் நிஜம். ஆனால் சாவுக்கு இத்தனை கார் வந்ததே என்று நாலாம் நாள் எண்ணிப் பார்த்ததும் நிஜம். முப்பிடாதியம்மாளுக்கு விதவை பென்ஷன் வர ஆரம்பித்தபோது, உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த பிச்சையாவை இவள் பார்த்த பார்வையை அவரே என்னிடம் சொல்லிக் குறைப்பட்டார்.

இதற்கெல்லாம் முப்பிடாதியம்மாள் என்ன சொன்னாள் என்றால், ஒன்றுமே சொல்லவில்லை. அவள் பேசுகிற ஜாதியே இல்லை. பஞ்சாயத்துக் குழாய் வருகிறவரைக்கும் தினம் சாயங்காலம் இரண்டு குடத்தோடு கோமதித்தாயின் கிணற்றுக்கு வருவாள், தண்ணீர் எடுப்பாள், போய்விடுவாள். குழாய் வந்த பிறகு வருவதை நிறுத்திவிட்டாள். அவ்வளவுதான்.

நான் சர்வேக்குப் போன அன்று முதலில் முப்பிடாதியம்மாள் வீட்டில் உட்கார்ந்தேன். வீடும் நிலமும் போகிறவர்களுக்கு நீளமான படிவம். அறுபத்திநாலு கேள்வி. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், உடம்புக்கு முடியாவிட்டால் யார் கூட வருவார்கள், எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள், இந்த இடத்தை விட்டுப் போனால் எது இல்லாமல் போகும் என்றெல்லாம் கேட்க வேண்டும். வேப்ப மரத்தை எண்ண வேண்டும், தொழுவத்தைப் போட்டோ எடுக்க வேண்டும், கதவு ஜன்னலை அளக்க வேண்டும். இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டே கால் மணி நேரமும் கோமதித்தாய் தன் வாசலில் ஒரு சுளகை வைத்துக்கொண்டு புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகில் ஒன்றும் இல்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன்.

அங்கே முடித்துவிட்டு அவளிடம் போனேன். அவளுக்கும் ஒரு படிவம் உண்டு. அது அருகில் வசிப்போர் படிவம். ஒரே பக்கம். பத்து நிமிஷத்தில் முடித்துத் தாளை மடித்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. மிச்சத்தைக் கேளு என்றாள். மிச்சம் இல்லை, உங்களுக்கு இவ்வளவுதான் என்றேன். எத்தனை கேட்டாய் என்றாள். ஒன்பது என்றேன். அவளுக்கு எத்தனை என்றாள். நான் சொல்லியிருக்கக் கூடாது. பதினோரு வருஷ அனுபவத்தில் இந்த ஒரு தப்பை நான் செய்திருக்கக் கூடாது.

“அவளுக்கு அறுவத்திநாலு, எனக்கு ஒம்பதா?” என்றாள் கோமதித்தாய். அப்போது மட்டும் சிரிக்கவில்லை.

நான் பொறுமையாக விளக்கினேன். ரோடு வருவது அவளுக்கு நஷ்டம், உங்களுக்கு நஷ்டம் இல்லை, வீடு நிற்கிறது, கிணறு நிற்கிறது, சந்தோஷப்படுங்கள் என்றேன். அது அவள் காதில் ஏறவில்லை. முப்பிடாதிக்கு நஷ்டஈடு வரும், சங்கரன்கோவில் பக்கம் மனை கொடுப்பார்கள், மகள் வந்து வீடு கட்டிக் கொடுப்பாள், இவள் மட்டும் லாரிப் புழுதியைத் தின்றுகொண்டு இங்கேயே கிடக்க வேண்டும். இதுதான் அவள் கணக்கு. எல்லாவற்றையும் விட அவளைக் குடைந்தது வேறு. அன்றைக்கு அவள் கிழக்குப் பக்கம் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கு அந்தப் பட்டியலில் இருப்பது அவள். எதை வேண்டாமென்று ஒதுக்கினாளோ அதன் மேல் ரோடு வந்துவிட்டது. ஒருத்தியின் வீடு இடிவதைப் பார்த்து இன்னொருத்தி ஏங்கினதை என் வேலையில் நான் அதுவரைக்கும் கண்டதில்லை.

பட்டா நகல் வேண்டுமென்று நான் முப்பிடாதியம்மாளிடம் கேட்டிருந்தேன். அது மாமனார் பேரில் இருக்கிற விஷயம் அப்படித்தான் கோமதித்தாய்க்கு நினைவு வந்தது. மறுநாள் காலையிலேயே பஸ் ஏறிச் சங்கரன்கோவில் வந்து, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் உட்கார்ந்துவிட்டாள். மனுவில் இருந்தது ஒரே விஷயம்தான். சொத்து பாகம் பிரியவே இல்லை, கூட்டாகத்தான் அனுபவித்து வருகிறோம், ஆகவே சாலைக்குப் போகிற நிலத்திலும் அதற்குக் கொடுப்பதிலும் எங்களுக்குச் சரிபாதி உண்டு. கீழே பிச்சையாவின் கையெழுத்து. அவர் ஆட்டை விட்டுவிட்டு வந்து போட்டுவிட்டு மறுபடி ஆட்டுக்குப் போய்விட்டாராம்.

மனுவின் நகல் எனக்கு வந்ததும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. புருஷனும் இல்லாமல் வீட்டையும் விடப்போகிற ஒருத்தியிடம் பாதியைப் பிடுங்குவதா என்று. ஆனாலும் போய்க் கோமதித்தாயிடம் சொன்னேன். அக்கா, பிரியவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அது ஒரு பக்கத்தோடு நிற்காது. கிழக்கே உங்களுக்குப் பாதி என்றால் மேற்கே அவர்களுக்குப் பாதி. கிணற்றிலும் பாதி. இன்றைக்கு உங்களுக்குப் போவது ஒன்றுமில்லை. இந்த மனுவால் உள்ளதும் போகலாம். யோசியுங்கள் என்றேன். வெங்கடேஷுக்குத் தெரிந்தால் கேள்வி கேட்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி என்னைத் திட்டியிருப்பான்.

கோமதித்தாய் நிதானமாகக் கேட்டுக்கொண்டாள். கவலையே படவில்லை. அக்கா ரோஷக்காரி, பாகம் பிரித்தது பிரித்ததுதான் என்றுதான் சொல்லுவாள், அவள் அப்படிச் சொன்னால் பத்திரம் இல்லாததால் அதிகாரிகளுக்குச் சந்தேகம் வந்து இழுத்தடிப்பார்கள், கடைசியில் ஏதாவது கொடுத்துச் சமாதானம் பண்ணுவார்கள் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கிணற்றை அவள் கேட்பாள் என்பதை மட்டும் இவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

“இருவத்தேழு வருசமா அந்தக் கெணத்தப் பத்தி அவ ஒரு வார்த்த பேசுனதில்ல, கேட்டியா” என்றாள். “அவளுக்கு அது மேல ஆச கெடையாது. எனக்குத் தெரியும்லா.”

கருத்துக் கேட்புக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. அறிக்கையை ஊர் முன்னால் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது விதி. நான்தான் வாசித்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முப்பிடாதியம்மாள் முன்வரிசையில். அவளைவிடப் பின்னால் உட்கார மனமில்லாமல் கோமதித்தாய் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து அதே வரிசையில் போட்டாள். முப்பிடாதியம்மாளின் வீட்டுப் பகுதியை நான் வாசிக்க வாசிக்க, அவள் சொன்ன பதில்கள் ஒவ்வொன்றாக ஒலிபெருக்கியில் வந்தன. கோமதித்தாயின் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. தன் பெயர் ஒரு தடவை கூட அதில் வராதா என்று காத்திருந்தாள். அருகில் வசிப்போர் ஒரு குடும்பம் என்று மட்டும் வந்தது.

பிறகு மனுவை எடுத்தார்கள். வந்திருந்த அதிகாரி அதை வாசித்துவிட்டு, பாகம் பிரிந்ததா இல்லையா என்று கேட்டார். பிச்சையா தரையைப் பார்த்தார். கோமதித்தாய் எழுந்து, பிரியவில்லை என்று ஊரறியச் சொன்னாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அந்தக் கோடு கிழித்தபோது கூட இருந்து பார்த்த ஆட்களே அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள். ஒருத்தர் எழுந்திருக்கப் போனார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லிவிட்டு முப்பிடாதியம்மாளைப் பார்த்தார். நீங்கள் சொல்லுங்கள் அம்மா, ஒப்புக்கொள்கிறீர்களா, இல்லை ஆட்சேபிக்கிறீர்களா என்றார்.

அவள் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டாள். முழங்கால் வலி. ஒரு சண்டையைப் பார்க்கப் போகிறோம் என்று எல்லோரும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். நானும் மைக்கை அவள் பக்கம் நகர்த்தினேன்.

“கோமதி சொல்லுதது சரிதான்” என்றாள். “பிரிக்கல.”

அதிகாரி அவளை எச்சரித்தார். அப்படியானால் உங்கள் நிலத்துக்கு வருவதில் பாதி அவர்களுக்குப் போகும், புரிகிறதா என்றார். புரிகிறது என்றாள். அதே மாதிரி மிஞ்சுகிற நிலமும் கூட்டுத்தான், அந்தத் தோட்டத்திலும் கிணற்றிலும் உங்களுக்குப் பாதி உண்டு, இரண்டு குடும்பமும் சேர்ந்து பட்டாவை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும் என்றார். அதுவும் புரிகிறது என்றாள். அதைத்தான் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன் என்றாள்.

கோமதித்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். நான் அவளுக்குச் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் இதே ஊர் முன்னால் பிரியவில்லை என்று சத்தமாகச் சொன்னவள் அவள்தான். பேச்சை மாற்ற வழியில்லை.

முப்பிடாதியம்மாள் மைக்கைத் தள்ளிவிட்டுத் திரும்பினாள். அடுத்த பேச்சை அவள் அதிகாரிக்குச் சொல்லவில்லை, ஊருக்கும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது, அவ்வளவுதான்.

“ஏட்டி கோமதி, ஒங்கெணத்து மோட்டார் சத்தம் கேக்குத அன்னைக்கெல்லாம் நான் வயிறெரிஞ்சு ஒறங்காமக் கெடந்திருக்கேன். இருவத்தேழு வருசம். என் நெலம் காய காய ஒந்தண்ணியத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தக் கொழா மட்டும் வரலைன்னா நான் செத்தே போயிருப்பேன், தெனமும் ஒன் வாசல்ல கொடத்தோட வந்து நின்னு.”

சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள். அவ்வளவு பேச்சை அவள் ஒரே மூச்சில் பேசி ஊர்க்காரர்கள் கேட்டிருக்கமாட்டார்கள், அன்றைக்கும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து கையெழுத்தெல்லாம் வாங்கி நான் பஸ் ஸ்டாப்புக்கு வர நாலு மணி ஆகிவிட்டது. வெங்கடேஷ் காரில் போய்விட்டான், ஏறிக்கொள் என்று சொல்லவில்லை. ஸ்டாப்பில் கோமதித்தாய் எனக்காகக் காத்து நின்றிருந்தாள். பிச்சையா கொஞ்சம் தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். இவள் என்னைப் பிடித்து உலுக்கப் போகிறாள், நீ அப்போதே ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று கேட்கப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டே கிட்டப் போனேன். பாதிக் கிணறு போயிற்று. பாதித் தோட்டம் போயிற்று. கிழக்கே வந்த பாதியெல்லாம் இதற்கு ஈடாகாது. அவளுக்கும் அது தெரியும், விவசாயம் பார்க்கிறவள்.

அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அக்கா கடைசியில் என்னவோ சொன்னாளே, நீ பக்கத்தில்தானே நின்றாய், என்ன சொன்னாள் என்று கேட்டாள். உங்களிடம்தானே சொன்னார்கள், உங்களுக்குக் கேட்கவில்லையா என்றேன். காது அடைத்துப்போய்விட்டது, பாதிதான் கேட்டது, நீ சொல்லு என்றாள்.

நான் சொன்னேன். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

“ஒறங்காமக் கெடந்தேன்னா சொன்னா?”

ஆமாம் என்றேன்.

“என்னைப் பாத்தா? அவளா?”

ஆமாம் என்றேன். அவள் சேலை முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தேன். துணியை எடுத்தபோது பார்த்தால் அழவில்லை. இருபத்தேழு வருஷமாக யாரைப் பார்த்து ஏங்கினாளோ அவளே தன்னைப் பார்த்து ஏங்கியிருக்கிறாள் என்று கேட்ட ஒருத்தியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அப்படி ஒரு நிறைவை அவள் மகன் கல்யாண போட்டோவில்கூட நான் பார்க்கவில்லை. எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

அந்தப் பக்கம் சங்கரன்கோவில் பஸ் திரும்பி வருவது தெரிந்தது. பிச்சையா எழுந்து எனக்காக அதற்குக் கை காட்டினார். கோமதித்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“மோட்டார் சத்தம்னு என்னவோ சொன்னியே, அத இன்னொருக்காச் சொல்லு” என்றாள்.

அடுத்த பஸ் ஐந்தே முக்காலுக்குத்தான். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு, நின்ற இடத்திலேயே முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.